கேலா இரவின் உடை விதியைத் தளர்த்தலாகாது



சொகுசுக் கப்பல்களின் இரவு விருந்துக்கென இருந்துவந்த உடை விதிகளைக் கப்பல் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தளர்த்தி வருவதும், அத்தளர்வைப் பயணிகளுக்குக் கிடைத்த விடுதலை என்று விளம்பரப்படுத்துவதும் கண்டனத்துக்குரியவை. கேலா இரவு எனப்படுவது, ஒரு வாரப் பயணத்தில் பெரும்பாலும் ஓரிரு மாலைகளில் மட்டும், ஆண்கள் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையும், பெண்கள் நீண்ட கவுனோ அதற்கு நிகரான உடையோ அணிந்து கப்பலின் பெரிய உணவுக்கூடத்தில் ஒன்றுகூடும் வழக்கமாகும். நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ‘ஃப்ரீஸ்டைல்’ என்னும் பெயரில், உண்ணும் நேரம், அமரும் மேசை, அணியும் உடை ஆகிய மூன்றையும் பயணியின் விருப்பத்துக்கே விட்டுவிடும் முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் வேறு பல நிறுவனங்களிலும் கட்டாயமாக இருந்தது பரிந்துரையாயிற்று, பரிந்துரையும் காலப்போக்கில் பெயரளவில் நின்றுபோயிற்று. 1840-இல் கடலில் இறங்கிய கியூனார்டு நிறுவனம்கூட, கேலா இரவுகளைக் காத்துவந்தாலும், மற்ற மாலைகளில் கோட்டு அணிந்தே தீரவேண்டும் என்ற பழைய விதியைக் கைவிட்டுவிட்டது.

உடை விதி மேட்டுக்குடியினரின் எச்சம், அதை நீக்குவதே சமத்துவம் என்பது தளர்வை ஆதரிப்போரின் முதல் வாதம். வரலாறு இதற்கு இடம் தரவில்லை. 1935-இல் முதற்பயணம் புறப்பட்ட நார்மண்டி என்னும் பிரெஞ்சுக் கப்பலில், ஏறத்தாழ 93 மீட்டர் நீளத்தில், எழுநூறு பேர் ஒருசேர அமரும் உணவுக்கூடம் இருந்தது. முதல் வகுப்புப் பயணிகள் மாலை உடையணிந்து, அகன்ற படிக்கட்டின் வழியே அனைவரும் காண இறங்கிவந்து அமர்வது பிரெஞ்சுக் கப்பல்களில் ஒரு சடங்காகவே நிகழ்ந்தது. மூன்றாம் வகுப்பில் சென்றவருக்கு அக்கூடத்தில் இடமில்லை. அவரை வெளியே நிறுத்தியது கையிலிருந்த பயணச்சீட்டே, உடையன்று. ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் பயணிகளைக் கவர்ந்துகொண்ட பின், கடலைக் கடப்பதற்கான கப்பல்கள் மறைந்து விடுமுறைக்கான கப்பல்கள் பெருகியபோது, வகுப்புச் சுவர்கள் பெரும்பாலும் நீங்கின. சாளரமே இல்லாத உள்ளறையில் தங்கும் ஆசிரியரும் பால்கனி அறையில் தங்கும் வணிகரும் ஒரே கூடத்தில், ஒரே விதிக்கு உட்பட்டு, அருகருகே அமர்ந்து உண்ணும் நிலை அப்போதுதான் தோன்றியது. சமத்துவம் வந்தது கதவு திறந்ததால். கோட்டைக் கழற்றியதால் அன்று.

இப்போது நிகழ்வது அதற்கு நேர் எதிரானது. பொதுக் கூடத்தின் விதியைத் தளர்த்திய அதே காலத்தில், தனிக்கட்டணம் வசூலிக்கும் சிறப்பு உணவகங்களைக் கப்பல்கள் பெருக்கிக்கொண்டன. எம்.எஸ்.சி. நிறுவனம் 2008-இல் ஃபாண்டாசியா கப்பலில் தொடங்கிய யாட் கிளப், நார்வீஜியன் நிறுவனத்தின் ஹேவன் போன்றவை, உயர்ந்த கட்டணம் செலுத்தியவருக்கு மட்டும் திறக்கும் தனிப் பகுதிகளாக, கப்பலுக்குள் ஒரு கப்பலாகவே அமைந்துள்ளன. கியூனார்டு கப்பல்களிலும் அறையின் தரத்தைப் பொறுத்து ஒதுக்கப்படும் கிரில் உணவகங்கள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கேலா மாலையில் அங்கு உண்பவருக்கும் பொதுவான பிரிட்டானியா உணவகத்தில் உண்பவருக்கும் உடை விதி ஒன்றே. இரவல் கோட்டாலும் நிறைவேற்றிவிடக்கூடிய ஒரு விதியை அகற்றிவிட்டு, பணத்தால் மட்டுமே தாண்டக்கூடிய சுவரை எழுப்புவதைச் சமத்துவம் என்று சொல்ல எவருக்கும் துணிவு வரலாகாது.

உடை மாற்ற விரும்பாதவருக்கு வழியில்லை என்பதும் சரியன்று. கேலா மாலையிலும் பஃபே உணவகம் திறந்தே இருக்கிறது. அறைக்கே உணவு வரவழைத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் முழுமையாக உடுத்து வந்த ஒருவருக்கு, அடுத்த மேசையில் அரைக்கால் சட்டையோடு அமர்ந்திருப்பவரைத் தவிர்க்க வழி ஏதுமில்லை. தனக்கு விற்கப்பட்ட மாலையை அவர் இழந்தே விடுகிறார். மேசைதோறும் பரிமாறும் பணியாளரையும் இங்கு நினைக்க வேண்டும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து பெருமளவில் வரும் அவர்களுக்குச் சீருடையில் ஒரு பொத்தானைக்கூடத் தளர்த்த உரிமையில்லாதபோது, அவர்கள் கைகளால் உணவு பெறுபவர் கடற்கரைக் கோலத்தில் வந்தமர்வது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதையாகும்.

உடை விதி என்றாலே ஐரோப்பிய உடையைத் திணிப்பது என்ற ஐயம் தமிழ் வாசகரிடம் எழுவது இயல்பே. வேட்டி அணிந்து வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையின் கிரிக்கெட் மன்றம் ஒன்று 2014-இல் வாயிலிலேயே தடுத்ததும், அதே ஆண்டில் அத்தகைய தடைகளை நீக்கத் தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியதும் எவருக்கும் மறந்திருக்காது. அங்கே குறை, விதி இருந்ததில் இல்லை. தமிழரின் மதிப்புக்குரிய உடையை அவ்விதி உடையாகவே கருதாததில் இருந்தது. கியூனார்டு நிறுவனத்தின் விதியில் அந்தந்த நாட்டின் சம்பிரதாய உடைக்கும் இடமுண்டு என்பதால், ஸ்காட்லாந்தியரின் கில்ட்டுக்குக் கிடைக்கும் இடம் பட்டு வேட்டிக்கும் காஞ்சிப் பட்டுக்கும் கிடைக்க வேண்டும். விதியை இவ்வாறு விரிவாக்குவது நியாயம், கலைத்துவிடுவது நியாயமாகாது.

கப்பலேற வருபவர் விமானத்தில் கொண்டுசெல்லக்கூடிய சுமைக்கு வரம்பு இருப்பது மெய்யான இடர்ப்பாடே என்றாலும், கப்பலிலேயே உடைகளை வாடகைக்குத் தரும் ஏற்பாட்டை விரிவுபடுத்தினால் அது பெரும்பாலும் தீரும். எனவே நிறுவனங்கள் கேலா இரவுகளின் எண்ணிக்கையையும் விதியையும் முன்பதிவின்போதே தெளிவாக அறிவிக்க வேண்டும். எல்லா நாட்டு மரபு உடைகளையும் அவ்விதியில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். அறிவித்த விதியை உணவுக்கூடத்தின் வாயிலில், உள்ளறைப் பயணிக்கும் உயர்தர அறைப் பயணிக்கும் வேறுபாடின்றி நடைமுறைப்படுத்த வேண்டும். இவற்றுக்கு மனமில்லாத நிறுவனம், தன் விளம்பரங்களிலிருந்து கேலா இரவின் படங்களை நீக்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்