கள்ளன் என்று யாரை எழுதுகிறீர்கள்?

ஏமாற்றுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று ஒரே கூப்பாடு. கணினிப் பேராசிரியர்களும் எழுதுகிறார்கள், விளம்பரக் கம்பெனிக்காரர்களும் சொல்கிறார்கள். யாராம் ஏமாற்றுவது? இணையதளத்தைத் திறந்து பார்த்து, இது பிள்ளைகள் பார்க்கலாம், இது ஆபாசம், இது சூதாட்டம் என்று சில சென்ட் கூலிக்குப் பிரித்துப் போடுகிறவர்கள். ஏமாந்தது யார்? வேலை கொடுத்த முதலாளி. நல்லாயிருக்குய்யா கணக்கு.

இந்த வேலையை நானும் செய்தவன்தான். எந்தத் தளம் என்பது இங்கே வேண்டாம். நாலு ராத்திரி கண்விழித்து, வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற படங்களையெல்லாம் பார்த்துப் பிரித்துக் கொடுத்தேன். 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒற்றை வரி வந்தது. ஏன்னு கேட்டு எழுதினேன். பதிலே இல்லை. கூலி கிடையாது, ஆனால் நான் போட்ட விடைகள் அத்தனையும் அவனிடம். கதிரை அறுக்கவிட்டுக் களத்தில் சேர்த்துக்கொண்டு, அறுப்பு சரியில்ல போடா என்பதற்குப் பெயர் என்ன?

இந்தச் சந்தையை அமேசான் 2005இல் திறந்தது. வைத்த பெயர் 'மெக்கானிக்கல் டர்க்'. 1770இல் கெம்பெலன் என்பவர் வியன்னா அரசவையில் காட்டிய சதுரங்க இயந்திரத்தின் பெயர் அது. பொம்மை ஆடுவதாக ஊரே வாயைப் பிளந்தது. பெட்டிக்குள்ளே ஒரு மனுஷன் ஒடுங்கிக்கொண்டு ஆடினான். ஆளை ஒளித்துவைத்து இயந்திரம் என்று காட்டிய வித்தையை வெட்கமில்லாமல் பெயராகவே வைத்தார்கள். மோசடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கட்டும்.

பிடிக்கிற வழிகளைப் பாருங்கள். விடை தெரிந்த கேள்விகளை நடுநடுவே சொருகுவார்கள். ஒரே தளத்தை அஞ்சு பேரிடம் கொடுத்து, பெரும்பான்மை சொன்னதே உண்மை என்பார்கள். ஒத்துப்போகாதவன் கள்ளன். அங்கீகார விகிதம் 95க்குக் கீழே போனால் பல வேலைகள் கண்ணிலேயே படாது. பார்க்காமலே பொத்தானை அமுக்குகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பெரும்பாலான தளங்கள் சுத்தமானவை. எல்லாவற்றுக்கும் 'எல்லாரும் பார்க்கலாம்' என்று அமுக்கினால் பாதிக்கு மேல் சரியாகவே வரும். சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கிற ஒரு தாய் ஒவ்வொரு பக்கத்தையும் கவனமாகப் படித்து, மற்றவர்களைவிட ஒரு படி கடுமையாக மதிப்பிடுவாள். பெரும்பான்மைக் கணக்கில் மாட்டுவது அவள்தான்!

இதை நானாகச் சொல்லவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் இப்பைரோட்டிஸ், புரோவோஸ்ட், வாங் ஆகியோர் 2010இல் இந்த ஆபாசத் தளப் பிரிப்பு வேலையையே உதாரணமாக வைத்து எழுதினார்கள்: தவறு வேறு, சாய்வு வேறு, எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறவரின் விடையைத் திருத்தி எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் எடுத்தாண்ட கணக்குமுறை டேவிட், ஸ்கீன் இருவரும் 1979இல் வகுத்தது. அவர்கள் அதைப் போட்டுப் பார்த்தது யார்மீது தெரியுமா? மயக்க மருந்து டாக்டர்கள்மீது. ஒரே நோயாளியைப் பார்த்து ஆளுக்கொன்று சொன்னார்கள். அதற்குப் பெயர் 'நோக்கர் பிழை'. டாக்டருக்குப் பிழை, கூலிக்காரனுக்குத் திருட்டு. அதே கணிதம்தானே தோழர்களே, பெயர் ஏன் மாறுது?

கூலிக்கும் வருவோம். டர்க்கில் வேலை செய்த 2,676 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வு, நடுமட்டக் கூலி மணிக்குச் சுமார் 2 டாலர் என்றது. அமெரிக்கச் சட்டக் கூலியான 7.25 டாலருக்கு மேல் எடுத்தவர்கள் 4 சதவீதம். வேலையைத் தேடி அலைந்த நேரம், நிராகரிப்பில் போன நேரம் எல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு அது. இந்தக் கூலிக்கு நிதானமாகப் படிக்கிறவன் பட்டினி கிடப்பான். அவசரத்தை உண்டாக்குவது கூலிதான். அப்புறம் அவசரப்பட்டான் என்று ஆளைத் துரத்துவது.

தொழிலாளிக்கு மதிப்பெண் உண்டு, முதலாளிக்கு உண்டா? 2008இல் லில்லி இரானி, சிக்ஸ் சில்பர்மேன் இருவரும் 'டர்காப்டிகான்' என்ற கருவியைச் செய்தார்கள். கூலி ஒழுங்காகக் கொடுத்தானா, காரணமில்லாமல் தள்ளினானா என்று தொழிலாளர்களே முதலாளிக்கு மதிப்பெண் போட்டார்கள். அந்த வழிதான் எனக்குச் சரியாகப்படுகிறது. தள்ளினால் காரணத்தை எழுது. தள்ளிய விடையை நீயும் பயன்படுத்தாதே. பயன்படுத்தினாயா, காசைக் கீழே வை. அதைச் செய்துவிட்டு வந்து கள்ளனைப் பற்றிப் பேசு, கேட்கிறோம்.