நாளைய வேலையை இன்றிரவே எழுதி வையுங்கள்

ரிட்டையர் ஆனவனுக்கு என்ன வேலை, அதற்கு ஒரு லிஸ்ட் வேறயா என்று பீச்சில் நடக்க வரும் நண்பர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். வேலையில் இருப்பவனைவிட ரிட்டையர் ஆனவனுக்குத்தான் லிஸ்ட் அவசியம் என்பது என் கட்சி. ஆபீசில் இருந்தவரை நாமாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வந்த தபாலுக்கு ஒரு நம்பர் விழும். பதில் வராவிட்டால் எந்தத் தேதியில் நினைவூட்ட வேண்டும் என்று பதிவேடு சொல்லும். பதிவேட்டைப் பார்க்காவிட்டால் மேலதிகாரி வந்து சொல்வார்! ரிட்டையர் ஆன மறுநாள் இவை அத்தனையும் போய்விடுகின்றன. திங்கள், செவ்வாய் என்ற வித்தியாசம் கூடத் தெரிவதில்லை.

நம் ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'கயே த் தெக்ஸ்த்' ஞாபகம் இருக்கும். வீட்டுப்பாடம் எழுதிக்கொள்ளும் நோட்டு. திங்கட்கிழமை வாத்தியார் ஒரு கணக்கு கொடுத்து வெள்ளிக்கிழமை கொண்டு வா என்றால், அதை வெள்ளிக்கிழமைக்குரிய பக்கத்தில் எழுத வேண்டும். கொடுத்த நாள் முக்கியமில்லை, கொடுக்க வேண்டிய நாள்தான் முக்கியம். சின்ன விஷயம்தான். ஆனால் நான் இன்றைக்கும் கைவிடாத பழக்கம் அது. மின்சாரக் கட்டணத்துக்குக் கடைசி நாள் 20ஆம் தேதி என்றால் 17ஆம் தேதிப் பக்கத்தில் இப்போதே எழுதிவிடுவேன். பிறகு அதை மறந்துவிடலாம்.

எழுதுவதை விவரமாக எழுத வேண்டும். 'மாத்திரை' என்று ஒரே சொல்லில் எழுதினால் அது லிஸ்ட் இல்லை, கவலை. 'பிரஷர் மாத்திரை 30, சர்க்கரை மாத்திரை 60, டாக்டர் சீட்டுடன், பத்து மணிக்குள், திரும்பும்போது பெரிய மார்க்கெட்டில் கீரை' என்று எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி. காலையில் எழுந்து யோசிக்க வேண்டாம், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

என் வீட்டில் இது விளையாட்டு இல்லை. மனைவிக்கு ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை. சில சாப்பாட்டுக்கு முன், சில பின், ஒன்று வாரத்துக்கு ஒரு முறை மட்டும். பெண் பாரீசில் இருக்கிறாள். இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள், உங்களால் தனியாகச் சமாளிக்க முடியாது என்று போனில் அடிக்கடி சொல்கிறாள். அவள் பயம் நியாயமானதுதான். ஆனால் இந்த வயதில் ஊரை விட்டுப் போய் நான்காவது மாடியில் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருக்க எங்கள் இருவருக்கும் விருப்பமில்லை. சென்ற முறை அவள் வந்திருந்தபோது நோட்டைக் கையில் கொடுத்தேன். எந்த மாத்திரை என்றைக்கு மாறியது, ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தோம், அடுத்தது எப்போது எல்லாம் அதில் இருந்தது. ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு குறைந்திருக்கிறது. நிற்கவில்லை, குறைந்திருக்கிறது.

இரவில் எழுதுவது நல்லது என்று நான் அனுபவத்தில் சொல்வேன். ஆராய்ச்சியும் இருக்கிறது. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைப் படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் முடித்த வேலைகளை எழுதினார்கள், மீதிப் பேர் இனி செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். இரண்டாவது கூட்டம் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டது. அதிலும் விவரமாக எழுதியவர்களுக்குத் தூக்கம் இன்னும் சீக்கிரம் வந்ததாம். 2018இல் வெளிவந்த ஆய்வு இது. இளவட்டங்களுக்கே ஒன்பது நிமிடம் என்றால், இரண்டு மணிக்கு விழித்து கேஸ் புக் செய்தோமா இல்லையா என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் வயதுக்காரர்கள் முயன்று பார்க்கலாம், செலவில்லை.

எழுதி வைத்தால் ஞாபகசக்தி துருப்பிடித்துவிடும் என்பது ஒரு நண்பரின் வாதம். அவர் திருக்குறளை வரிசையாகச் சொல்லக் கூடியவர், மதிப்புக்குரியவர். ஆனால் ஞாபகசக்தியைக் குறளுக்கு வைத்துக்கொள்ளட்டும், வீட்டு வரிக்கு எதற்கு அதைச் செலவழிக்க வேண்டும்?

லிஸ்டினால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறொன்று. முடியாத வேலையை மறுநாள் பக்கத்துக்கு மாற்றி எழுதுகிறோம். நான்காவது நாளும் அதே வரியை எழுதும்போது கை கூசும். அப்போதுதான் ஏன் இதைத் தள்ளுகிறோம் என்று யோசிக்கத் தோன்றும். ஒன்று அந்த வேலை தேவையே இல்லை, அடித்துவிடலாம். அல்லது அதைச் செய்ய நமக்குப் பயம். 'உயில்' என்ற வரி எனக்கு அப்படி வந்துகொண்டிருந்தது. அதை உடைத்து, 'வீட்டுப் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்து ஜெராக்ஸ் எடுக்க' என்று எழுதினேன். அன்றே முடிந்தது. இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று போய் வக்கீல் வீட்டுப் படியும் ஏறியாயிற்று.

டிக் போட்ட பக்கங்களைக் கிழித்துப் போடாதீர்கள். நம் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய டைரியில் கப்பல் வந்ததும், யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதும் கூட இருக்கிறது. அவர் நடந்ததை எழுதினார், நாம் நடக்க வேண்டியதை எழுதுகிறோம். ஆனால் டிக் போட்டுத் தேதியும் குறித்துவிட்டால் நம் லிஸ்டும் டைரிதான். மூச்சு வாங்குவது எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டால், என்றைக்கு மாடி ஏறும் வேலையைத் தள்ளிப் போட்டோம் என்று பார்த்துச் சொல்லலாம்.

போனில் எழுதலாமே என்கிறான் பேரன். அவனுக்குச் சரி. எனக்கு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும், சார்ஜ் போட வேண்டாம். நோட்டு இல்லாதவர்கள் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆரம்பியுங்கள்.

முதல் வரிக்கு யோசனை இல்லையென்றால் ஒன்று தருகிறேன். நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஆதார் அட்டை, பென்ஷன் புத்தகம், வங்கிப் பாஸ்புக், மூக்குக் கண்ணாடி என்று நான்கையும் அதே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.