சிவன் அழுததில் தப்பில்லை... அந்த ‘98 சதவீதம்’தான் இடிக்கிறது!

2019 செப்டம்பர் 7, காலை நேரம். பெங்களூரு இஸ்ரோ மையத்தில் இருந்து பிரதமர் மோடி கிளம்புகிறார். வழியனுப்ப வந்த இஸ்ரோ தலைவர் கே.சிவன் சட்டென்று உடைந்து அழுகிறார். பிரதமர் அவரைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிக்கொடுக்கிறார். சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் லேண்டர், நிலவின் தரையில் இருந்து 2.1 கி.மீ. உயரம் வரை சரியாக இறங்கியதாகவும், அதற்குப் பிறகு தொடர்பு அறுந்துவிட்டதாகவும் அன்று அதிகாலையில்தான் அவர் அறிவித்திருந்தார்.

நாடே பார்த்த அந்த வீடியோவை, நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளையில் பார்த்தவர்களுக்கு மனசு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கனத்திருக்கும். சிவன் அந்த ஊர் விவசாயி மகன். அரசுப் பள்ளியில் தமிழ் வழிப் படிப்பு, நாகர்கோவில் தெ.தி.இந்துக் கல்லூரியில் கணிதம், 1982-இல் இஸ்ரோ. 2018 ஜனவரியில் அதன் தலைவர்.

“ஆம்பளப் பயலுக்கு என்னலே அழுகை?” என்று கேட்டே பையன்களை வளர்க்கிற மாவட்டம் இது. அங்கே பிறந்த ஒருவர், உயர்ந்த பதவியில் இருந்துகொண்டு கேமரா முன்னால் அழுதார். ‘இவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் அழலாமா?’ என்றும் கேட்டார்கள், ‘இதுதான் மனிதத்தன்மை’ என்றும் கொண்டாடினார்கள். (இதே இடத்தில் ஒரு பெண் தலைவர் அழுதிருந்தால் இந்தக் கொண்டாட்டம் நடந்திருக்குமா என்பது தனிக் கேள்வி.)

இன்றைக்கு எந்த ஆபீஸில் லீடர்ஷிப் டிரெய்னிங் நடந்தாலும், ‘உங்கள் பலவீனத்தை டீமிடம் மறைக்காதீர்கள்’ என்று ஒரு ஸ்லைடு நிச்சயம் வரும். நல்ல விஷயம்தான். ஆனால் பலவீனத்தைக் காட்டுவது என்றால் கண் கலங்குவது மட்டுமா?

அழுகை யாருக்கும் வரும். பல வருட உழைப்பு சில நிமிடங்களில் போனால் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அந்த அழுகையால் டீமுக்கு ஒரு தகவலும் கிடைப்பதில்லை. மிஞ்சிப்போனால் டீம்தான் தலைவரைத் தேற்ற வேண்டியிருக்கும். ‘எங்கே பிசகினோம், எது இன்னும் புரியவில்லை’ என்று தலைவர் வாய் திறந்து சொல்வதுதான் நிஜமாகவே கஷ்டமான வேலை. சிவன் கதையில் இடிப்பதும் இந்த இடம்தான்.

அவர் அழுது சரியாக 14 நாள் கழித்து, செப்டம்பர் 21. சந்திரயான்-2 திட்டம் 98 சதவீதம் வெற்றி என்றார் சிவன். நிலவைச் சுற்றிய ஆர்பிட்டர் நன்றாக வேலை செய்தது, அதில் சந்தேகமில்லை. அதற்காக, இறங்காத லேண்டரை மீதி 2 சதவீதத்துக்குள் அடக்கிவிட முடியுமா? மேலே இருப்பவர் ‘98’ என்று சொல்லிவிட்ட பிறகு, ‘சார், அந்த இன்ஜின் விஷயம்...’ என்று எந்த ஜூனியர் ஆரம்பிப்பான்?

வேகக் குறைப்பு திட்டமிட்டபடி நடக்காததால் லேண்டர் தரையில் மோதியது என்ற விளக்கம், அந்த நவம்பரில் மக்களவைக்குத் தந்த எழுத்துப்பூர்வ பதிலில் வந்தது. டிசம்பர் தொடக்கத்தில், சென்னை இன்ஜினீயர் சண்முக சுப்பிரமணியன் நாசா படங்களை அலசிக் கொடுத்த துப்பை வைத்து, சிதறிய பாகங்கள் கிடந்த இடத்தை நாசா உறுதி செய்தது.

சிவனுக்குப் பின் வந்த எஸ்.சோமநாத் 2023-இல் விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஐந்து இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உந்தின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. திரும்ப வேண்டிய வேகத்தில் கலத்தால் திரும்ப முடியவில்லை. இறங்கக் குறித்த இடமோ வெறும் 500-க்கு 500 மீட்டர். அதனால் சந்திரயான்-3-ஐ ‘எதெல்லாம் தப்பாகப் போகலாம்’ என்று கேட்டே வடிவமைத்தார்கள். கால்கள் வலுவாயின, நடு இன்ஜின் போனது, இறங்கும் இடம் 4-க்கு 2.4 கி.மீ. ஆக விரிந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று லேண்டர் பத்திரமாக இறங்கியது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் தோல்வியின் டேட்டாவை அலசும் வேலை சிவன் காலத்திலேயே தொடங்கிவிட்டது. உள்ளே பேசியிருக்கிறார்கள், வெளியேதான் பேசவில்லை. தொடர்பு போனதாகச் சொன்னதற்குப் பதிலாக, மோதிவிட்டதை நேராகவே சொல்லியிருக்கலாம் என்று சோமநாத் தன் மலையாள சுயசரிதையில் எழுதியதாகச் செய்தி வந்தது. சர்ச்சை கிளம்பியதும் 2023 நவம்பரில் அவர் அந்தப் புத்தகத்தையே நிறுத்திவைத்தார். உண்மையைச் சொல்வது பற்றி எழுதிய புத்தகத்துக்கே அந்த கதி!

இஸ்ரோவிலேயே இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1979 ஆகஸ்ட் 10, எஸ்எல்வி-3 வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். கம்ப்யூட்டர் நிறுத்தச் சொல்லியும் ஏவச் சொன்னது தன் முடிவுதான் என்று பிற்பாடு மேடைகளில் அவரே சொன்னார். ஆனால் அன்று பத்திரிகையாளர் முன் உட்கார்ந்து பதில் சொன்னவர் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் வெற்றி வந்தபோது, பேட்டி கொடுக்கக் கலாமை அனுப்பினார். தவான் அழவில்லை, தோல்வியின் பாரத்தைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். கீழே இருப்பவர்கள் தப்பை ஒப்புக்கொள்ளத் துணிவது இப்படிப்பட்ட தலைவருக்குக் கீழேதான்.

ஹார்வர்டு பேராசிரியை ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை நர்ஸ் டீம்களை ஆராய்ந்தார். நல்ல டீம்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே குழப்பம். பிறகுதான் புரிந்தது: அந்த டீம்கள் அதிகம் தவறு செய்யவில்லை, பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். அப்ரைசல் பயத்தில் பக்கைப் பூசி மெழுகும் ஐடி டீம்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்றைய இஸ்ரோ தலைவர் வி.நாராயணனும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்தான், ஊர் மேலக்காட்டுவிளை. 2025 மே 18-இல் பிஎஸ்எல்வி-சி61 தோற்றபோது, மூன்றாம் கட்ட மோட்டாரில் அழுத்தம் குறைந்தது, இலக்கை அடையவில்லை என்று உடனே நேரலையில் சொன்னார். கண்ணீரும் இல்லை, சதவீதக் கணக்கும் இல்லை. ஆனால் அடுத்த பிஎஸ்எல்வி 2026 ஜனவரி 12-இல் கிளம்பும் வரை, முதல் தோல்வியின் ஆய்வறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை. இந்த ராக்கெட்டும் மூன்றாம் கட்டத்தில்தான் தடுமாறியது.