அருவிக்கு வாசல் வைத்து விற்கக் கூடாது: பாபநாசம், மணிமுத்தாறு குறித்து எங்கள் நிலைப்பாடு

பாபநாசம் அகத்தியர் அருவியும் மணிமுத்தாறு அருவியும் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்க வேண்டும். காட்டைக் காக்கக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் அது எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அம்பாசமுத்திரம் வட்டார மக்கள் அமைப்பாக நாங்கள் எடுத்திருக்கும் நிலை இதுவே.

இந்த அருவிகள் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக்குள் இருக்கின்றன. காப்பகம் 1988-இல் அமைந்தது. இந்தக் காட்டில் பெய்யும் மழைதான் தாமிரபரணியாக இறங்கி நெல்லை, தூத்துக்குடி வயல்களுக்கும் குடிநீர்க் குழாய்களுக்கும் போகிறது. அதனால் வனத்துறை செக்போஸ்டில் பையைத் திறந்து பிளாஸ்டிக்கை எடுப்பதையும், வெள்ளம் வந்தால் அருவியை மூடுவதையும், இருட்டுமுன் இறங்கச் சொல்வதையும் முழு மனதோடு ஏற்கிறோம்.

கட்டண விஷயத்தில்தான் எங்களுக்குக் கவலை. விக்கிரமசிங்கபுரத்தில் பீடி சுற்றும் ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாபநாசத்துக்கு பஸ் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு இவ்வளவு என்று சீட்டுக் கிழிக்கும்போது, அந்தக் காசுக்கு எத்தனை பீடி சுற்ற வேண்டும் என்று அவர் மனக்கணக்குப் போடுவார். சீட்டு விலை ஏறினால் கோயில் படித்துறையில் முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். காரில் வருபவருக்கு அது பெட்ரோல் செலவோடு செலவு.

அடுத்த கவலை இதைவிடப் பெரியது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் சில சொகுசு விடுதிகள் ஓடை நீரைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்துக் காசு பார்த்தன. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றை மூட உத்தரவிட்டது. மலைத் தண்ணீர் ஒருவர் வளாகத்துக்குள் திரும்பினால் கீழே இருப்பவர்களுக்குப் பாறைதான் மிச்சம்.

இதில் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. இமாச்சலத்தில் ஒரு விடுதிக்காக பியாஸ் ஆற்றின் போக்கையே திருப்பிய வழக்கில், ஆறும் காடும் மக்களுக்காக அரசு காத்து வைத்திருக்கும் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அந்த விடுதியின் வனநிலக் குத்தகையும் ரத்தானது. வெளிநாட்டிலும் இதே கேள்வி உண்டு. அமெரிக்காவில் பல பனிச்சறுக்கு மலைகள் அரசின் வனநிலம். தனியார் நிறுவனங்கள் அனுமதி பெற்று நடத்துகின்றன. மலை பொதுவாக இருந்தும், ஏறும் சீட்டின் விலை பலரை அடிவாரத்திலேயே நிறுத்திவிடுகிறது. நார்வேயோ 1957-லேயே திறந்தவெளியில் நடமாடும் உரிமையைச் சட்டமாக்கிவிட்டது.

இதே மலையில் உள்ள மாஞ்சோலையும் எங்கள் கண் முன்னே நிற்கிறது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன தேயிலைத் தோட்ட நிலம் அது. குத்தகை 2028-இல் முடிகிறது. தொழிலாளர்களுக்கு நியாயமான மறுவாழ்வு கிடைக்க வேண்டும். நிலம் காட்டோடு சேர வேண்டும்; இன்னொரு கைக்கு மாறி விடுதியாகிவிடக் கூடாது.

எனவே நாங்கள் கோருவது:

1. அருவிகளின் நுழைவு, வாகன நிறுத்தம், பராமரிப்பு எதையும் தனியாருக்கு ஏலம் விடக் கூடாது.

2. உள்ளூர் மக்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கட்டணம் வேண்டாம். மற்றவர்களிடம் வாங்கும் கட்டணத்தின் வரவு செலவை செக்போஸ்டிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

3. கூட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையால் குறைக்கட்டும், விலையால் அல்ல. கார்களைக் கீழே நிறுத்தி அரசுப் பேருந்தில் ஏற்றட்டும்.

4. இந்தக் காட்டில் வாழும் காணிப் பழங்குடி மக்களின் வன உரிமையும், ஆடி அமாவாசைக்குக் காட்டுக்குள் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் வழக்கமும் ஒழுங்குக்கு உட்பட்டுத் தொடர வேண்டும்.

5. நீரைத் திருப்பும் கட்டுமானம் எதற்கும் அனுமதி கூடாது.

புலிக்காக ஒரு பாதையை மூடினால் நாங்களும் விலகி நிற்போம். அதே பாதை பணம் கட்டியவருக்கு மட்டும் திறந்தால் அங்கேயே உட்கார்ந்து கேள்வி கேட்போம்.