மலை நகர்வதை வானம் காண்கிறது, மந்திரிமார் காண்பாரோ?

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அணித்தான மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. முதல் நாள் நூற்றுக்கணக்கானோர் புதையுண்டனரோ என நாடு பதைத்தது. பின்னர் அக்கணக்கு 40ஐ ஒட்டி நின்றது. அவர்களுட் பலரின் உடலங்கள் மீட்கப்படவேயில்லை. பத்தாண்டு கடந்த கதையை இப்போது ஏன் கிளறுகிறீர் என்று கேட்பாரும் உளர். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மலைநாட்டை உலுக்கியதை அவர்கள் அதற்குள் மறந்துவிட்டனரா? தீவெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். பேரிழப்புற்ற மாவட்டங்களுட் பதுளையும் ஒன்று.

மலை சரியுமுன் அதன் அசைவை அறிய ஒரு வழி இன்று உண்டு. அதுவே செய்மதி றேடார். ஏறத்தாழ 700 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி, வானொலி அலையைத் தரைக்கு ஏவி, அது பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்கிறது. 12 நாட்களின் பின் அதே பாதையில் வந்து மீண்டும் பதிகிறது. இரு பதிவுகளையும் ஒப்பிட்டால், இடையில் நிலம் ஓரிரு சென்ரிமீற்றர் நகர்ந்திருப்பினும் திரும்பிய அலை அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். பல ஆண்டுப் பதிவுகளைத் தொடுத்து நோக்கினால், ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் அசைவும் புலப்படும். இருளும் முகிலும் அதற்குத் தடையல்ல. மாரி காலத்திற் கிழமைக்கணக்காக மூடுபனி போர்த்துக் கிடக்கும் ஊவா மலைகளுக்கு இதைவிட ஏற்ற கண் வேறு எது?

இதற்குப் பெரும் பொருள் வேண்டுமே என்று எவரும் கைவிரிக்க இயலாது. ஐரோப்பியரின் ‘சென்ரினல்-1’ செய்மதிப் பதிவுகள் 2014 முதல் உலகோர் எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதன் அலைநீளம் 5.6 சென்ரிமீற்றரே ஆதலால், அடர்ந்த மரச்செறிவில் அது தடுமாறும். அக்குறையைப் பெரிதும் தீர்க்க வல்லது ‘நிசார்’. அமெரிக்காவும் இந்தியாவும் கூடிச் சமைத்த இச்செய்மதி, 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 24 சென்ரிமீற்றர் அலை கொண்டு இலை தழைகளை ஊடுருவிச் செல்வது இது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். றேடார் அலையைத் தெளிவாகத் திருப்பி அனுப்புபவை கூரைகளும் சுவர்களும் பாறைகளுமே. எந்த லயத்துக் கூரையை எவரும் ஏறெடுத்துப் பாராமல் இருந்தனரோ, அந்தத் தகரக் கூரையே வானத்துக்கு அடையாளக் கல்லாகிறது!

ஆயினும் இதனைச் சர்வரோக நிவாரணி என்று நாம் விற்க வரவில்லை. துருவத்தை ஒட்டி வடக்குந் தெற்குமாகப் பறக்கும் செய்மதிக்கு, நிலம் மேலுங் கீழும் அசைவதும், கிழக்கு மேற்காக அசைவதும் நன்கு தெரியும். வடக்கு தெற்காக அசைவது சரியாகத் தெரியாது. ஹல்துமுல்லை, கொஸ்லந்தைப் பக்கத்துச் சரிவுகளோ பெரும்பாலும் தெற்கு நோக்கியவை. அன்றியும், நாட்கணக்காக ஊர்ந்த மண் கடைசியிற் சில நிமிடங்களிற் பாய்ந்துவிடும். பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை வரும் கண் அதனை எங்ஙனம் பிடிக்கும்? ஆகவே மழைமானி வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால் வெளியேற்றம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகள் தோட்டந்தோறும் தெரிந்திருக்க வேண்டும். தரையில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றைக் கண்டு சொல்லும் தொழிலாளியின் வாக்குக்கும் மதிப்பு வேண்டும். தேயிலை மலையிற் கான் வெட்டி நீரை வடியவிடும் பழைய ஒழுங்கு கைவிடப்பட்ட இடங்களில், அந்நீர் மண்ணுக்குள்ளேயே இறங்குகிறது என்பதை அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வெலிமடைச் சரிவுகளில் மரக்கறி பயிரிடுவோரும் இதனை நன்கறிவர்.

இனி, நாம் சொல்ல வந்த விடயத்துக்கு வருவோம். மீரியபெத்தை மக்களுக்கு அபாயம் முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லையா? 2005இலும் 2011இலும் அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுக என்று எச்சரிக்கை விடுக்கப்பட்டது. றேடார் இல்லாமலே அறிந்தனர். அறிந்தும் என்ன நடந்தது? போ என்றனர், போவதற்கு நிலம் காட்டினாரில்லை. நிலம் அரசாங்கத்துடையது, 1992 முதல் தோட்டத்தை நடத்துவன கம்பனிகள், லயத்து அறையோ வேலையோடு ஒட்டியது. அதனைவிட்டு அகன்றால் வேலைக்கும் கேடு, வதிவிடத்துக்கும் கேடு. கம்பனி அரசாங்கத்தைச் சுட்டும். அரசாங்கம் கம்பனியைச் சுட்டும். இடையில் மழை பெய்யும். உயிர் தப்பியோர் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் முடங்கிக் கிடந்து, 2016இலேயே புது வீடு கண்டனர். பதுளுசிரிகமையில், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கு அருகே நகரும் சரிவிற் கருவிகள் நாட்டி, ஜப்பானிய உதவியோடு நிலத்தடி நீரை வடித்தனர். நன்றே செய்தனர். அந்த அக்கறை லயங்களுக்கு மேலுள்ள சரிவுகளுக்கும் உரியதன்றோ?

ஆதலால் நாம் கேட்பது இரண்டு. செய்மதி காட்டும் நகர்வுப் படம் கொழும்புக் கந்தோரின் பேழைக்குள் உறங்கலாகாது; தோட்டம், டிவிஷன் என்று பிரித்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பிரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும். அப்படத்திற் சிவப்பாகக் காணும் இடத்து வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், வேலையை இழக்காமற் போய்வரக்கூடிய தொலைவில், உறுதியோடு கூடிய காணி, குறித்த தவணைக்குள் வழங்கும் கடமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அடுத்த ஒக்டோபர் மாரி தொடங்குமுன், ஹல்துமுல்லைப் பிரதேசத்தை முதலாகக் கொண்டு இது ஆரம்பமாகட்டும். பதுளை மாவட்டத்து வாக்கைப் பெற்றுச் சென்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியினராயினும், இத்தவணை எந்நாள் என்று பாராளுமன்றத்தில் எழுந்து கேட்பாராக.