கூலி எழுதாத கணக்கு

வியாபார நிர்வாகம் கற்கச் செல்லும் மாணவரைக் கண்டால் முகஞ்சுளிக்கும் இலக்கிய அன்பர்கள் சிலரை நான் அறிவேன். காசெண்ணப் பழகுவதும் ஒரு கல்வியோ என்பது அவர்கள் கேள்வி. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் குறை வேறு.

யுத்தச் சூழலில், 1990க்குப் பின், எம் பகுதி முஸ்லிம் மாணவர் வந்தாறுமூலை சென்று கற்பது அரிதாயிற்று. அமைச்சர் அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. மறு ஆண்டே அது பல்கலைக்கழகமாயிற்று. கலைக்கு நிகராக முகாமைத்துவமும் வர்த்தகமும் தொடக்கத்திலேயே அங்கு இடம்பெற்றன. கல்முனைக் கடைத்தெருவை அறிந்தவர்க்கு இது வியப்பன்று.

ஆயினும், உயர்தரம் வரை கணக்கியலைத் தமிழிற் கற்ற பிள்ளைகள் பட்டப்படிப்பில் ஆங்கிலத்திற்குள் நுழைகின்றனர். ஆங்கிலம் வேண்டாமென்பதல்ல என் வாதம். கொழும்பிலும் கட்டாரிலும் அதுதானே சோறு போடுகிறது! மொழியோடு உதாரணங்களும் கப்பலேறி வருகின்றன என்பதே என் கவலை. அமெரிக்க மோட்டார்க் கம்பனியின் வரலாற்றை ஒப்புவிக்கும் இளைஞர், போடியார் தந்த முற்பணம் களவெட்டியில் எவ்வாறு நெல்லாகக் கழிகிறது என்பதை ஒருநாளும் எழுதிப் பார்ப்பதில்லை.

ஒலுவிலையே பாருங்கள். 2013இல் அங்கு துறைமுகம் திறக்கப்பட்டது. அதன் வாயை மணல் தூர்த்தது. வடக்கே கடல் கரையைத் தின்றது. கரைவலை இழுத்தவரின் இழப்பு எந்தப் பேரேட்டில், எந்தப் பக்கத்தில் ஏறவேண்டும்? திட்ட மதிப்பீடு என்னும் பாடத்துக்கு இதனினும் சிறந்த ஏடு எங்கே கிடைக்கும்? அதுவும் பல்கலைக்கழகம் நிற்கும் அதே ஊரில்!

மருதமுனை மாணவி ஒருத்தியிடம், வீட்டுத் தறியின் கணக்கைத் தமிழில் எழுதி வருமாறு ஒருமுறை கேட்டேன். நூல் விலை, சாயம், தேய்மானம் யாவும் ஒழுங்காக எழுதியிருந்தாள். உம்மா நூல் சுற்றும் கூலியும் வாப்பா நெய்யும் கூலியும் மட்டும் இல்லை. குடும்பத்தார் உழைப்புக்கும் விலையிட வேண்டுமென்று பாடம் சொல்கிறதே என்றேன்.

"தெரியும் சேர். அதையும் போட்டால் நட்டம் வருகிறது. வாப்பா கண்டால் தறியை நிறுத்திவிடுவார்."

ஏட்டை மூடி வைத்துக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை.