மொத்தக் கடையின் கம்ப்யூட்டரையும் விசாரியுங்கள்!

ஏற்காட்டை அடுத்த கிளியூரில் காபி, மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மோட்டார், பைப், ஸ்பிரிங்ளர் எல்லாம் பெரும்பாலும் மலைக்குக் கீழே சேலத்து மொத்தக் கடைகளில் இருந்துதான் வருகின்றன. விலையை ஒப்பிடுகிறோம், எத்தனை நாள் கடன் என்று ஒப்பிடுகிறோம். கடையின் கம்ப்யூட்டர் எவ்வளவு பாதுகாப்பானது என்று ஒப்பிடுகிறோமா? ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

ரான்சம்வேர் என்பது பைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு சாவிக்குப் பணம் கேட்கும் புரோகிராம். கம்ப்யூட்டர் சரக்கையே உலகம் முழுவதும் மொத்தமாக விற்கும் இன்கிராம் மைக்ரோவுக்குள் 2025 ஜூலை தொடக்கத்தில் அது புகுந்தது. எல்லா நாடுகளிலும் வேலை பழையபடி நடக்க ஜூலை 9 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய மாதம் அமெரிக்க உணவுப் பொருள் மொத்த வியாபாரியான யுனைடெட் நேச்சுரல் புட்ஸ் தாக்கப்பட்டது. விற்பனையில் 35 முதல் 40 கோடி டாலர் வரை குறையும் என்று அந்த நிறுவனமே மதிப்பிட்டது. கிடங்கு நிறையச் சரக்கு இருந்தாலும், எது யாருக்குப் போக வேண்டும் என்ற கணக்கு பூட்டப்பட்டால் லாரி நகராது.

பெரிய நிறுவனங்களுக்கு மார்க் போடும் பிட்சைட் போன்ற நிறுவனங்கள் உண்டு. அவை தெருவில் நின்று ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது போல வெளியில் இருந்தே சோதிக்கின்றன. நான்கு கம்ப்யூட்டர் உள்ள கடைக்கு அந்த மார்க் உதவாது. நேராகக் கேட்பதே மேல்.

டேலி கணக்கின் பேக்கப் எங்கே இருக்கிறது? எப்போதும் சொருகியே இருக்கும் பென் டிரைவ் என்றால் அது பேக்கப் அல்ல. ரான்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். பில் போடும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 ஓடுகிறதா? அதற்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. (இப்படிக் கேட்டால் முதலாளி ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.)

உங்கள் பணத்தை நேரடியாகத் தொடுவது இன்னொரு விஷயம். பூ மழை தவறிய வருடம் ஸ்பிரிங்ளர் அவசரம். அட்வான்ஸ் அனுப்பத் தயாராக இருக்கிறீர்கள். கடையின் மெயிலைத் திருடியவன், அதே லெட்டர்ஹெட்டில் வேறு வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு அனுப்புகிறான். கணக்கு எண் மாறினால் போனில் சொல்லும் வழக்கம் உள்ள கடைதான் என் கணக்கில் முதல் ரேங்க். மெயிலில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, பழைய பில்லில் உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

நெப்டில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் சேர்கிறது. நீங்கள் அடிக்கும் பெயரைப் பார்த்து அல்ல. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, அனுப்பும் முன் கணக்குக்காரர் பெயரைப் பார்க்கும் வசதி 2025 ஏப்ரலில் வந்தது. அதைப் பார்க்காமல் பட்டனை அழுத்தாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். தாமதித்தால் கணக்குகள் மாறிப் பணம் பறந்துவிடும்.

திருடு போவது கடையின் மெயிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் மெயில் பாஸ்வேர்டு கிடைத்தாலும் அவனுக்கு அதே வேலை நடக்கும். இன்றைக்கே இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள்.